‘ஒன்லி’ – ஒரு சொல்லும் அதன் பல முகங்களும்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். வினா முறையானதே. ஆயினும், நம் வாழ்வில் அச்சொல் நுழையாத இடம் இல்லை. வங்கியில் காசோலை எழுதும்போது அது வருகிறது. மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய தாளில் இருக்கிறது. தேர்வு வினாத்தாளின் முதல் வரியிலும், உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி வரியிலும் இருந்துகொண்டு நம் பிள்ளைகளின் போக்கையே சில வேளைகளில் தீர்மானிக்கிறது. நாலெழுத்துக் கொண்ட அச்சொல் ‘ஒன்லி’ என்பதாம்.

தமிழ்த்துறையில் பணியாற்றுவோரை நாடி இருவகையினர் வருவர். கவிதையோடும் கட்டுரையோடும் வருவோர் ஒரு வகையினர். ‘ஐயா, இந்த ஆங்கிலக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் தமிழில் சொல்லுங்கள்’ என்று கடிதத்தோடு வருவோர் மற்றொரு வகையினர். இரண்டாம் வகையினருக்காக நாம் படித்த கடிதங்களில் பெருஞ்சொற்கள் நமக்குத் தொல்லை தந்தவை அல்ல. அவற்றை அகராதி பார்த்துக்கொள்ளும். தொல்லை தந்தவை சிறு சொற்களே. அவற்றுள் முதலிடம் ‘ஒன்லி’க்கு உரியது.

பிறப்பும் பொருளும்

ஆங்கிலேயர் இச்சொல்லைப் பிறமொழியிலிருந்து கடன் பெறவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றால் ஒன்று; ‘லீக்’ என்றால் போன்றது. இரண்டும் சேர்ந்து ‘ஒன்றைப் போன்றது’, ‘ஒன்றாய் நிற்பது’ என்னும் பொருளில் பிறந்த சொல்லே நாளடைவில் தேய்ந்து ‘ஒன்லி’ ஆயிற்று. தனிமையைக் குறிக்கும் ‘அலோன்’ என்னும் சொல்லும் ‘முழுதும் ஒன்று’ என்னும் இரு சொற்களின் சேர்க்கையே. ஆக, ஆங்கிலேயர் பிறவற்றை விலக்க விரும்பியபோது ‘ஒன்று’ என்னும் எண்ணைத் துணைக்கு அழைத்தனர்.

தமிழர் வேறு வழியில் சென்றனர். ‘ஒன்லி’க்கு நேராக நாம் முதலில் நினைக்கும் சொல் ‘மட்டும்’. மட்டு என்றால் அளவு, எல்லை. அளவில்லாத மகிழ்ச்சியை மட்டற்ற மகிழ்ச்சி என்கிறோம். ஒன்றைக் குறைத்து அடக்குவதை மட்டுப்படுத்துதல் என்கிறோம். ‘காலை முதல் மாலை மட்டும்’ என்று கூறுகையில் அச்சொல் ‘வரை’ என்னும் பொருளில் நிற்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் பேச்சில் இன்றும் வழங்கும் ‘மாத்திரம்’ என்பதும் அளவைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்ததே. எழுத்தின் ஒலியளவும் மாத்திரை. அளந்து உண்ணும் மருந்தும் மாத்திரை. ஆங்கிலேயர் எண்ணிப் பார்த்துப் பிரித்தனர். தமிழர் எல்லை கட்டிப் பிரித்தனர் எனலாம்.

‘மட்டும்’ ஒன்றே நம்மிடம் உள்ள கருவி அன்று. ‘தான்’ உண்டு, ‘ஏ’ உண்டு, ‘வெறும்’ உண்டு. ஏகாரத்துக்குத் தொல்காப்பியர் ஐந்து பொருள் கூறினார். தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்பன அவை. நன்னூலார் இசைநிறையையும் சேர்த்து ஆறாக்கினார். அவற்றுள் பிரிநிலை என்பது கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது; தேற்றம் என்பது ஐயம் நீக்கி உறுதிப்படுத்துவது. ஆங்கிலத்தின் ‘ஒன்லி’ இவ்விரண்டு வேலைகளையும் செய்வதோடு, இன்னும் சிலவற்றையும் தன் தோளில் சுமக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஒரு சொல், பல வேலை

வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். ‘யார்?’ என்ற குரலுக்கு ஆங்கிலேயர் ‘இட்ஸ் ஒன்லி மீ’ என்பார். இதனை ‘நான் மட்டும்’ என்று மொழிபெயர்த்தால் உடன் வந்தவர் எவருமில்லை என்று பொருளாகிவிடும். அவர் கூற வந்தது அதுவன்று. ‘அஞ்ச வேண்டா, அயலார் அல்லர்’ என்பதே அவர் கருத்து. அதனை நாம் ‘நான்தான்’ என்று ஒரே சொல்லில் முடிக்கிறோம்.

‘அவன் சிறு பிள்ளை’ என்பதோடு ‘ஒன்லி’யைச் சேர்த்து ஆங்கிலத்தில் கூறினால் அது பரிந்து பேசுவதாகும். தமிழில் அப்பரிவு ‘சிறு பிள்ளைதானே’ என்பதில் வெளிப்படுகிறது. ‘பத்து ரூபாய்’ என்பதோடு அது சேர்ந்தால் தொகை சிறியது என்று பொருள். கடைத்தெருவில் கூவி விற்பவர் ‘பத்தே ரூபாய்’ என்பார். குறைத்து மதிப்பிடுவோர் ‘வெறும் பத்து ரூபாய்’ என்பார். விற்பவரின் ஏகாரத்தில் ஆர்வம் இருக்கிறது. வாங்குபவரின் ‘வெறும்’ என்பதில் அலட்சியம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்.

பெயருக்கு முன் அது பெயரடையாக நின்றால் ‘ஒரே’ என்று பொருள். ‘ஒன்லி சைல்டு’ என்பது ‘ஒரே பிள்ளை’. ‘வருவேன், ஒன்லி நேரமில்லை’ என்பது போன்ற அமைப்பில் அது இணைப்புச் சொல்லாகி ‘ஆனால்’ என்று பொருள்படும். ‘ஒன்லி டூ கிளாட்’ என்றால் மகிழ்ச்சி குறைவு என்று எண்ணிவிடக் கூடாது; மிகவும் மகிழ்ச்சி என்பதே பொருள். நிலையத்துக்கு ஓடினான், ‘ஒன்லி’ வண்டி போய்விட்டதைக் காண்பதற்கு, என்று ஆங்கிலத்தில் ஓர் அமைப்பு உண்டு. வண்டி போய்விட்டதைக் காணும் நோக்கத்தோடு எவரும் ஓடமாட்டார். ‘ஓடிப்போய்ப் பார்த்தால், வண்டி போய்விட்டிருந்தது’ என்று ஏமாற்றம் தோன்றக் கூறுவதே தமிழ்.

காலத்தோடு சேரும்போது வரும் பொருள் மிகவும் நுட்பமானது. ‘அவர் நேற்று வந்தார்’ என்பதோடு ‘ஒன்லி’ சேர்ந்தால் ‘நேற்றுத்தான் வந்தார்’ என்று பொருள். வந்து நெடுநாள் ஆகவில்லை என்பது கருத்து. இக்காலச் செய்தித்தாள்களிலும் தொலைக்காட்சிகளிலும் இதனை ‘நேற்று மட்டுமே வந்தார்’ என்று எழுதக் காண்கிறோம். வேறு எந்த நாளிலும் அவர் வந்ததில்லை என்றல்லவா அதற்குப் பொருள்! ‘பேருந்து பத்து மணிக்குத்தான் வந்தது’ என்றால் தாமதம் தெரிகிறது. ‘பேருந்து பத்து மணிக்கு மட்டுமே வந்தது’ என்றால் நாளைக்கு ஒரு முறை வரும் பேருந்து என்று தெரிகிறது. ‘ஒன்லி’யைக் கண்ட இடமெல்லாம் ‘மட்டுமே’ என்று எழுதுவது மொழிபெயர்ப்பு ஆகாது. அது சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தல் என்க.

‘ஒன்லி’யும் ‘மட்டும்’ என்பதும் தோளோடு தோள் நிற்கும் இடமும் உண்டு. ‘இஃப் ஒன்லி’ என்பது நிறைவேறாத ஏக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர். தமிழில், ‘அன்று மழை மட்டும் பெய்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும்’ என்கிறோம். இங்கே ‘மட்டும்’ எதனையும் விலக்கவில்லை. நெஞ்சின் பெருமூச்சைக் காட்டுகிறது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகள், ஏக்கத்தைச் சொல்ல ஒரே வகைச் சொல்லைத் தேர்ந்தது வியப்புக்குரியது.

இருந்தால், இருந்தால்தான், இருந்தாலே

மாணவர்கள் தம் நலத்துக்காகவேனும் அறிந்துகொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது நிபந்தனை.

‘வருகைப் பதிவு 75 விழுக்காடு இருந்தால்தான் தேர்வு எழுதலாம்’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர் ஒருவர் 80 விழுக்காடு வைத்திருக்கிறார். தேர்வுக் கட்டணம் செலுத்தவில்லை. ‘எனக்குத்தான் 75க்கு மேல் இருக்கிறதே, ஏன் எழுத விடவில்லை?’ என்று அவர் கேட்டால் அது செல்லாது. ‘இருந்தால்தான்’ என்பது, அது இல்லாமல் முடியாது என்று கூறுகிறதே அன்றி, அது ஒன்று போதும் என்று கூறவில்லை. ‘75 இருந்தாலே எழுதலாம்’ என்று இருந்திருந்தால் அவர் கேட்டது முறை. ‘இருந்தாலே’ என்பது போதும் என்பதைக் குறிக்கும். ‘இருந்தால்தான்’ என்பது வேண்டும் என்பதைக் குறிக்கும்.

ஆங்கிலத்தில் ‘இருந்தாலே’ என்பதற்கு ‘இஃப்’ போதும். ‘இருந்தால்தான்’ என்பதற்கு ‘ஒன்லி இஃப்’ வேண்டும். இரண்டும் ஒருங்கே பொருந்தும் இடத்தில் கணித நூலார் ‘இஃப் அண்ட் ஒன்லி இஃப்’ என்று எழுதுவர். அதனைச் சுருக்கி, ‘இஃப்’ என்னும் சொல்லின் இறுதி எழுத்தை இரட்டித்து எழுதுவதும் உண்டு. கணிதத்துறை மாணவர் இதனைக் கரும்பலகையில் நாள்தோறும் காண்பர். அவர்கள் கரும்பலகையில் காணும் வேறுபாட்டைத் தமிழ் ஓர் ஏகாரத்திலும் ஒரு ‘தான்’ என்பதிலும் அடக்கிவிட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், இடைச்சொல்லுக்கென்று தனியே ஓர் இயல் வகுத்த நம் இலக்கண ஆசிரியர்களின் நுண்மாண் நுழைபுலம் விளங்கும்.

நிற்கும் இடம்

‘ஒன்லி’யின் பெருந்தொல்லை அதன் பொருளில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. தமிழில் ‘மட்டும்’, ‘தான்’, ‘ஏ’ ஆகியவை தாம் சேர வேண்டிய சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. ‘ஆசிரியர் மட்டும் நூலைத் தந்தார்’, ‘ஆசிரியர் நூலை மட்டும் தந்தார்’ என்னும் இரண்டையும் எவரும் குழப்பிக்கொள்ளார். ஆங்கிலத்திலோ, ‘ஒன்லி’ தான் தழுவும் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்னும் கட்டாயம் வழக்கில் இல்லை. வினைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, தொடரின் இறுதியில் உள்ள சொல்லைச் சுட்டும். பேச்சில் குரல் அழுத்தம் அதனைத் தெளிவாக்கிவிடும். எழுத்தில் குரல் ஏது?

இது குறித்து ஆங்கிலேயரே நெடுங்காலம் வழக்காடியுள்ளனர். 1762இல் ஆங்கில இலக்கண நூல் ஒன்றை வெளியிட்ட ராபர்ட் லௌத், வினையடை தான் தழுவும் சொல்லை ஒட்டி நிற்க வேண்டும் என்றார். பின்னாளில் லண்டன் பேராயராக விளங்கியவர் அவர். அவர் வழி வந்த பள்ளி ஆசிரியர்கள், ‘ஒன்லி’யை இடம் மாற்றி வைத்த மாணவர்களின் தாள்களில் சிவப்பு மையால் கோடிட்டு வந்தனர். 1926இல் ஆங்கில வழக்கு அகராதி ஒன்றை எழுதிய ஃபௌலர் இதற்கு மாறாகப் பேசினார். பொருள் மயக்கம் இல்லாத இடத்தில், மக்கள் இயல்பாகச் சொல்லும் இடத்திலேயே அச்சொல் நிற்கட்டும், விதிக்காக அதனை இழுத்துக்கொண்டு அலைய வேண்டா என்பது அவர் துணிபு. இன்றைய ஆங்கில நூலாருள் பலர் ஃபௌலர் பக்கமே நிற்கின்றனர்.

நாம் இருவர் கருத்திலும் உண்மை காண்கிறோம். கதவருகே நின்று பேசும்போது ஃபௌலர் சொன்னது சரி. கையொப்பம் இடும் தாளில் லௌத் சொன்னதே சரி. இதனை நாம் நூலில் படித்து உணரவில்லை. ஒரு மாணவியின் வழக்கில் கண்டு உணர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வாரச் சந்தையில் வெற்றிலை விற்று வாழும் ஒருவர் தம் மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்தார். அக்குடும்பத்தில் பள்ளிப் படிப்பைத் தாண்டியவர் அம்மாணவி ஒருவரே. வெளியூர் அறக்கட்டளை ஒன்று அவருக்கு உதவித்தொகை வழங்க இசைந்து ஆங்கிலத்தில் கடிதம் அனுப்பியிருந்தது. கடிதம் வந்த மறுவாரம் தந்தையார் துறைக்கு வந்தார்.

‘ஐயா, ஒரு வருஷத்துக்கு மட்டும்தான் பணம் வருமாம். மிச்ச ரெண்டு வருஷத்துக்கு என்னால முடியாதுங்க. பாதியில நிறுத்துறதுக்கு இப்பவே கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்’ என்றார்.

ஊரில் ஆங்கிலம் அறிந்த ஒருவர் அவ்வாறு படித்துச் சொன்னாராம். நாம் கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். அத்தொடரை ஆங்கிலச் சொல் வரிசையிலேயே தமிழில் அடுக்கினால் இவ்வாறு அமையும்: ‘இத்தொகை – ஒன்லி – வழங்கப்படும் – மாணவர்களுக்கு – தங்கியிருக்கும் – விடுதியில் – முதலாம் ஆண்டில்.’ இதில் ‘ஒன்லி’ எதனைத் தழுவுகிறது? முதலாம் ஆண்டைத் தழுவினால், ஓராண்டுக்குமட்டும் பணம் கிடைக்கும். ‘முதலாம் ஆண்டில் விடுதியில் தங்கியிருக்கும் மாணவர்கள்’ என்னும் முழுத் தொகுதியையும் தழுவினால், அது யாருக்கு என்பதைக் கூறும் நிபந்தனை. எத்தனை ஆண்டு என்பதைப் பற்றி அத்தொடர் வாய் திறக்கவே இல்லை. இரண்டும் இலக்கணப்படி பொருந்துவனவே. படித்துச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. எழுதியவரும் பிழைபட எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லின் இருப்பிடத்தில் ஒரு பெண்ணின் படிப்புத் தொங்கிக்கொண்டிருந்தது.

‘பதில் வரும் வரை பொறுங்கள்’ என்று தந்தையாரைக் கேட்டுக்கொண்டு, அறக்கட்டளைக்கு ஒரே ஒரு வினாவை எழுதி அனுப்பினோம்: ‘தொகை எத்தனை ஆண்டுகளுக்கு?’ விடை வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அம்மாணவி, விடுதி அறையில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டே வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார் என்று அவருடைய தோழியர் பிறகு கூறினர். விடை வந்தது. தொகை மூன்று ஆண்டுகளுக்கும் உண்டு. முதலாம் ஆண்டில் விடுதியில் தங்க வேண்டும் என்பதே நிபந்தனை. தந்தையார் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. மகளைப் பார்த்து, ‘போம்மா, மணி அடிச்சிருச்சு’ என்றார்.

அம்மாணவி படித்து முடித்தார்; இன்று பள்ளியொன்றில் ஆசிரியையாக இருக்கிறார். இதனை நாம் எம் பெருமைக்காக எழுதவில்லை. வினா எழுப்பும் வாய்ப்புக் கிட்டாமல், படித்துச் சொன்னதை நம்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்றவர் எத்தனை பேரோ என்னும் எண்ணமே இதனை எழுதத் தூண்டிற்று.

வாயிலில் நின்ற சொல்

பணத்தைக் காக்கவும் இச்சொல் பயன்படுகிறது. காசோலையில் தொகையை எழுத்தால் எழுதி ‘ஒன்லி’ என்று முடிக்கிறோம். தமிழில் எழுதினால் ‘மட்டும்’ என்று முடிக்கிறோம். ‘ரூபாய் ஐந்து’ என்று விட்டுவிட்டால், பின்னால் ஒருவர் ‘ஆயிரம்’ என்று சேர்த்துவிடக் கூடும். ‘மட்டும்’ அங்கே ஒரு தாழ்ப்பாள். மருந்துப் புட்டியின் மேல் உள்ள ‘வெளிப்பூச்சுக்கு மட்டும்’ என்னும் எச்சரிக்கை உயிரைக் காக்கும் தாழ்ப்பாள். மும்பையில் சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே 1992இல் மகளிர்க்கென்றே தனி ரயில் விடப்பட்டது. நெரிசலில் இடிபட்டு வேலைக்குச் சென்ற பெண்களுக்கு ‘மகளிர் மட்டும்’ என்னும் தொடர் நிழலாயிற்று.

அதே தாழ்ப்பாள் வேறொரு நாட்டில் எவ்வாறு பயன்பட்டது என்பதையும் மறத்தல் கூடாது. தென்னாப்பிரிக்காவில் 1953இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பூங்கா இருக்கை, கடற்கரை, பேருந்து, அஞ்சலக வாயில் எனப் பொது இடங்களை இனவாரியாகப் பிரித்து ஒதுக்க அச்சட்டம் இடம் தந்தது. ஒதுக்கப்படும் வசதிகள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்றும் அது வெளிப்படையாகவே கூறியது. ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்னும் பலகைகள் ஆங்கிலத்திலும் ஆஃப்ரிகான்ஸ் மொழியிலும் நாடெங்கும் தொங்கின. அப்பலகைகளின் முன் தலைகுனிந்து விலகி நடந்தவர்களுள் தமிழரும் உண்டு. 1860ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பலில் டர்பன் துறையில் சென்று இறங்கிய கரும்புத் தோட்டக் கூலிகளின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

அந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் நூற்றுக்கணக்கான சொற்கள் இருந்தன. தெருவில் நடந்த எளிய மனிதனைத் தடுத்து நிறுத்தியவை பலகையில் இருந்த இரண்டே சொற்கள். அவற்றுள் ‘வெள்ளையர்’ என்னும் சொல் ஓர் இனத்தின் பெயர் மட்டுமே. அதனால் எவர்க்கும் இழிவில்லை. பக்கத்தில் ‘ஒன்லி’ வந்து நின்றபோதுதான் அது பிறரை வெளியே தள்ளியது. அச்சட்டம் 1990இல் நீக்கப்பட்டது. 1994 ஏப்ரலில்தான் எல்லா இனத்தவரும் கலந்துகொண்ட முதல் பொதுத்தேர்தல் அந்நாட்டில் நடைபெற்றது. இத்தொடரில் உள்ள ‘தான்’ என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதில் அடங்கியிருப்பது காலத் தாழ்ச்சி. அத்தாழ்ச்சியில் கழிந்தவை பல தலைமுறைகள்.

ஜோஹனஸ்பர்க் நகரில் 2001இல் திறக்கப்பட்ட இன ஒதுக்கல் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர்க்கு ஓர் அனுபவம் காத்திருக்கிறது. அவர்கள் நிறம் எதுவாயினும், கையில் கிடைக்கும் நுழைவுச் சீட்டு ‘வெள்ளையர்’ என்றோ ‘வெள்ளையர் அல்லாதார்’ என்றோ அவர்களைப் பிரித்துவிடும். சீட்டில் உள்ளபடி வெவ்வேறு வாயில்களின் வழியே செல்ல வேண்டும். உடன் வந்த நண்பர் ஒரு வாயிலிலும் தாம் ஒரு வாயிலிலும் பிரிந்து செல்லும் அந்தச் சில நிமிடங்களில், ஓர் இடைச்சொல்லின் வலிமை நூல் படிக்காதவர்க்கும் புரிந்துவிடும்.

நம்மவர் ஆங்கிலமும் நம் தமிழும்

இந்தியர் பேசும் ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ ஒரு தனி நடை கொண்டது. ‘நவ் ஒன்லி ஐ கேம்’ என்கிறோம். ‘ஹீ இஸ் தேர் ஒன்லி’ என்கிறோம். ‘இப்பொழுதுதான் வந்தேன்’, ‘அங்கேதான் இருக்கிறார்’ என்னும் தமிழ், ஆங்கில உடை உடுத்தி வந்திருக்கிறது. இந்தியில் உள்ள ‘ஹீ’ என்னும் இடைச்சொல்லும் வடநாட்டாரை இவ்வாறே பேச வைத்துள்ளது. தம் மொழியில் உறுதிப்பொருள் தரும் இடைச்சொல் சொல்லின் பின்னால் நிற்பதால், ‘ஒன்லி’யையும் பின்னால் நிறுத்திவிட்டனர் நம் மக்கள். இங்கிலாந்தில் இவ்வாறு பேசினால் விளங்காமல் போகலாம். ஆயினும் மொழியியலார் இதனை வெறும் பிழை என்று ஒதுக்காமல், இந்திய ஆங்கிலத்தின் கூறுகளுள் ஒன்றாக எடுத்து ஆராய்கின்றனர்.

இவ்வாறு பேசும் மாணவரை நகைப்போர் உண்டு. நகைக்க வேண்டியதில்லை. நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது உலக வழக்கை ஒட்டிப் பேசக் கற்றுக்கொள்ளட்டும், அது தேவை. ஆனால் தம் நாவில் வந்த அந்த ‘ஒன்லி’க்குள் ஒரு ‘தான்’ ஒளிந்திருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளட்டும். அறிந்தவர் வெட்கப்படமாட்டார், திருத்திக்கொள்ளவும் அவர்க்கு எளிதாகும்.

இனி, மொழிபெயர்ப்பை ஒரு பணியாகவோ தொண்டாகவோ மேற்கொள்ளப் போகும் மாணவர்களுக்கு இரண்டொரு சொற்கள். ‘ஒன்லி’யைக் கண்டவுடன் எழுதுகோலை எடுக்க வேண்டா, இது எதனைத் தழுவுகிறது என்று முதலில் கேளுங்கள். அடுத்து, இது விலக்குகிறதா, உறுதிப்படுத்துகிறதா, குறைத்துக் காட்டுகிறதா, காலத்தாழ்வைச் சொல்கிறதா என்று கேளுங்கள். விடைக்கு ஏற்ப ‘மட்டும்’, ‘தான்’, ‘ஏ’, ‘வெறும்’, ‘ஒரே’, ‘ஆனால்’ என்பவற்றுள் பொருந்துவது தானே வந்து நிற்கும். பொருள் இரண்டாகத் தோன்றினால் ஊகித்து எழுதாதீர்கள், எழுதியவரையே கேளுங்கள். ஓர் அஞ்சல் தலையின் விலையைவிடப் படிப்பின் விலை பெரிது.

ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சங்கங்கள், அறக்கட்டளைகள், பள்ளிக் குழுக்கள் ஆகியவற்றை நடத்துவோர் தங்கள் அறிவிப்புகளை வெளியிடுமுன், ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு அதனைப் படித்துக்காட்டி, ‘உங்களுக்கு என்ன விளங்கிற்று?’ என்று கேட்டுவிடுங்கள். இயன்றவரை தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதும்போது ‘மட்டும்’ என்பது யாரை உள்ளே அழைக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். நிறுத்த வேண்டிய தேவை இருந்தால் நிறுத்துங்கள். தேவையின்றி அச்சொல்லை எழுதாதீர்கள்.

ஆங்கிலத்தில் ‘நாட் ஒன்லி’ என்று ஒரு தொடர் தொடங்கினால், ‘பட் ஆல்சோ’ என்று இன்னொருவருக்கும் இடம் தந்தே முடியும். தமிழில் ‘மட்டுமன்று’ என்றதும் ‘உம்’ என்னும் இடைச்சொல் வந்து மற்றவரையும் சேர்த்துக்கொள்ளும். நம் கல்லூரியின் வகுப்பறைகளிலும், நம் ஊர்களின் அறிவிப்புப் பலகைகளிலும் இந்த ‘உம்’ பெருக வேண்டும் என்பதே நம் விழைவு.